வானம் பார்க்கிறது, கரைக்கு யார் சொல்வது?

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் நாட்களில், காவிரிக் கரையோரம் வாழும் நமக்கு அந்தச் செய்தி வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. வருவாய்த்துறையினர் வருகிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி வருகிறது. ஜேடர்பாளையம் தடுப்பணையில் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. பரிசல்கள் கரையேறுகின்றன. எத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்பதைக் கரையோரத்துச் சிறுவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். வெள்ளம் வருமுன் எச்சரிக்கை வந்துவிட வேண்டும் என்ற நல்ல வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது.

ஆனால் அன்பர்களே, அதே அணையின் தண்ணீர் பெயிண்ட் கொட்டியதுபோல் பச்சையாகி, நாற்றம் வீசும்போது நமக்கு யார் சொல்கிறார்கள்? எந்த வண்டி வருகிறது? பூமியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அந்தப் பச்சையைப் பார்த்துவிடுகின்றன. படமும் எடுத்துவிடுகின்றன. அந்தப் படங்களைப் பார்க்க யாரும் பணம் கட்டவும் வேண்டியதில்லை. இருந்தும் படித்துறையில் துணி துவைக்கும் தாய்க்கும், மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டி வரும் பெரியவருக்கும் அந்தச் செய்தி வந்து சேர்வதில்லை. இதைப் பற்றித்தான் இன்று சற்று சிந்திக்க விரும்புகிறோம்.

மேட்டூரில் நடப்பது என்ன?

1934-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்த நீரின் அடியில் பழைய ஊர்கள் கிடக்கின்றன. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் நந்தி சிலையும், மூழ்கிப்போன கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதை நம்மில் பலர் நேரில் போய்ப் பார்த்திருப்போம்.

அப்படி நீர் வற்றும்போது வெளிப்படும் வண்டல் நிலத்தில் மக்கள் பயிர் செய்கிறார்கள். உரமும் இடுகிறார்கள். மீண்டும் நீர்வரத்து கூடும்போது நிலம் மூழ்குகிறது. அறுவடையின் மிச்சமும், சில சமயம் அறுவடையாகாத பயிருமே நீருக்குள் அழுகுகின்றன. நிலத்தில் இட்ட உரம் நீரில் கரைகிறது. அண்மை ஆண்டுகளில் பண்ணவாடி, கோட்டையூர், செட்டிப்பட்டி போன்ற நீர்த்தேக்கக் கரைகளில் பச்சைப் படலம் படர்ந்து துர்நாற்றம் வீசுவதற்கு இதுவே முக்கிய காரணம் எனச் சொல்லப்படுகிறது. அத்தகைய நேரங்களில் பொதுப்பணித்துறை, நீர்வளத்துறைப் பணியாளர்கள் படகில் சென்று, நாற்றத்தைக் குறைக்கத் திறன்மிகு நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்திருக்கிறார்கள். நாற்றம் குறைந்ததும் பேச்சும் குறைந்துவிடுகிறது.

மேட்டூரில் மிதக்கும் பாசி அப்படியே ஜேடர்பாளையம் வந்து சேர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஓடுகிற நீரில் பாசித்திரள் எளிதில் நிலைப்பதில்லை. ஆனால் நம் காவிரி இன்று முழுவதும் ஓடுகிற ஆறாக இருக்கிறதா? செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைக்குப் பின் கதவணையாக நீர் தேங்கித் தேங்கித்தான் வருகிறது. வழியில் பவானி, குமாரபாளையம், ஈரோடு, பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் கழிவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. கோடையில் ஆறு மெலிந்து, வெயில் ஏறி, தடுப்பணைகளுக்குப் பின்னால் நீர் அசையாமல் நிற்கும்போது பாசிக்கு வேண்டிய எல்லாமே அங்கே கூடிவிடுகின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் அல்லாள இளைய நாயக்கர் அமைத்ததாகச் சொல்லப்படும் ராஜவாய்க்கால் புறப்படுவது இந்த ஜேடர்பாளையத்தில்தான். வெற்றிலைக்கும் வாழைக்கும் கரும்புக்கும் போகும் நீர் இது. நாமக்கல் நகரத்தின் குடிநீரும் இந்தப் பகுதிக் காவிரியை நம்பியிருக்கிறது. விடுமுறை நாளில் குளித்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட வரும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்வோம். ஆகவே இது மேட்டூர்க்காரர் கவலை மட்டும் அன்று.

பச்சை என்றால் எல்லாம் நஞ்சா?

இல்லை. பெரும்பாலான பாசிகள் மீனுக்கு உணவு, நீருக்கு உயிர். அச்சம் தர வேண்டியது நீலப்பசும்பாசி எனப்படும் நுண்ணுயிர்க் கூட்டம். பாசி என்று பெயர் இருந்தாலும் இது உண்மையில் ஒருவகை பாக்டீரியா. அதனால் இதனை சயனோபாக்டீரியா என்றும் அழைக்கிறார்கள். இதில் சில வகைகள் நஞ்சைச் சுரக்கின்றன. மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. வாழ்நாள் முழுவதும் குடிக்கும் நீரில் இது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல்.

நம் வீடுகளில் சந்தேகமான தண்ணீர் என்றால் கொதிக்க வைத்துக் குடிப்போம். கிருமிகளுக்கு அது சரியான மருந்து. இந்த நஞ்சுக்கு அது உதவாது. கொதிக்க வைத்தால் நஞ்சு அழிவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். 1996-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்திய நீரில் இந்த நஞ்சு கலந்திருந்ததால் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2007-ஆம் ஆண்டு சீனாவின் தாய்ஹு ஏரி பச்சையானபோது ஊஷி நகரில் ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் பல நாட்கள் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். இவை பெரிய நிகழ்வுகள். ஆனால் மாடு செத்துப்போவதும், குளித்த குழந்தைக்குத் தோல் தடிப்பதும், வாந்தி வருவதும் செய்தியாகாமலே போய்விடுகின்ற சிறிய நிகழ்வுகள். அவற்றுக்குக் காரணம் தண்ணீர்தானா என்று நம் ஊர்களில் யாரும் தேடுவதுகூட இல்லை.

வானத்திலிருந்து எப்படித் தெரிகிறது?

ஒவ்வொரு பொருளும் சூரிய ஒளியில் சில நிறங்களை விழுங்கி, மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. தாவரங்களின் பச்சையமும் அப்படியே. நீலப்பசும்பாசியில் பச்சையத்துடன் பைக்கோசயனின் என்ற நீலநிறப் பொருளும் உண்டு. அது சுமார் 620 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட செந்நிற ஒளியை விழுங்கிவிடும். மேலிருந்து பார்க்கும் கருவியில் அந்த இடத்தில் ஒளி குறைவாகத் தெரிந்தால், அங்கே நீலப்பசும்பாசி இருக்கிறது என்று கணிக்கலாம். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. கருவிக்கு இந்தப் பச்சை வேறு, அந்தப் பச்சை வேறு.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-3 செயற்கைக்கோள்களுக்கு இந்தத் திறமை உண்டு. ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடந்து செல்லும். ஆனால் அதன் பார்வையில் 300 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட சதுரம் ஒரே புள்ளி. முழுமையாக நிரம்பும்போது ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் பரவும் மேட்டூர் நீர்த்தேக்கத்தை அப்படிப் புள்ளிகளாகப் பிரித்தால் 1,600-க்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். அது போதும். ஜேடர்பாளையத்தில் அதே புள்ளிக்குள் ஆறும் கரையும் வாழைத்தோப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். இங்கே 2015 முதல் ஏவப்பட்டுவரும் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் கைகொடுக்கும். அவற்றின் புள்ளி 10 மீட்டர் வரை நுணுக்கமானது. சுமார் 5 நாளுக்கு ஒருமுறை வரும். ஆனால் 620 நானோமீட்டர் ஒளியைத் தனியாகப் பார்க்கும் கருவி அதில் இல்லை. பாசி மிகுந்திருக்கிறது என்று சொல்லும். எந்தப் பாசி என்று உறுதியாகச் சொல்லாது.

வேறு குறைகளும் உண்டு. மேகம் மூடினால் படம் இல்லை. ஆகாயத்தாமரை படர்ந்த இடம் குழப்பம் தரும். நீரின் மேற்பரப்புக்குக் கீழே ஆழத்தில் இருப்பது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் செயற்கைக்கோளும் நஞ்சைப் பார்ப்பதில்லை. நஞ்சைச் சுரக்கக்கூடிய உயிர் அங்கே திரண்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதன் பிறகு ஒருவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நீரை முகந்து வந்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். எந்த நாளில், எந்தக் கரையில் முகக்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் செயற்கைக்கோளின் வேலை. அதுவே பெரிய உதவி. இவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தைப் பரிசலில் சுற்றிச் சுற்றி வந்து சோதிப்பது நடக்கிற காரியமா?

ஈரி ஏரி தரும் பாடம்

பார்த்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஈரி ஏரி பதில் தருகிறது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள், அந்த ஏரியை நம்பியிருந்த டொலிடோ நகரப் பகுதியில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குழாய் நீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று அறிவிக்கப்பட்டது. சுத்திகரித்த நீரிலேயே மைக்ரோசிஸ்டின் இருந்தது. மூன்றாம் நாள்தான் தடை நீங்கியது. அந்த ஏரியின் பாசித்திரளைச் செயற்கைக்கோள் வழியாகக் கவனித்து அறிக்கை தரும் ஏற்பாடு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இருந்தது. படம் இருந்தது. பாசியும் இருந்தது. ஏனெனில் பாசிக்குத் தீனி போடுவது நிற்கவில்லை. மாமி ஆற்றின் வழியாக வயல்களின் உரமும், கால்நடை எருவும் ஏரிக்குப் போய்க்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு அவர்கள் எச்சரிக்கையின் வழியைச் செப்பனிட்டார்கள். 2015-இல் அமெரிக்காவின் நான்கு அரசு நிறுவனங்கள் இணைந்து, 2000-க்கும் மேற்பட்ட பெரிய ஏரிகளைச் செயற்கைக்கோளால் கவனிக்கும் திட்டத்தைத் தொடங்கின. 2019-இல் அதைக் கைபேசியிலேயே பார்க்கும் செயலியை வெளியிட்டன. யூட்டா ஏரியில் 2017-ஆம் ஆண்டு சில நாட்கள் முன்னதாகவே பாசியைக் கண்டு மக்களை எச்சரித்ததால் ஏறத்தாழ 3,70,000 டாலர் மதிப்புள்ள உடல்நலப் பாதிப்புகள் தவிர்க்கப்பட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. சில நாட்கள் முந்திக்கொண்டதன் பலன் இது.

மேலிருந்து எடுத்த ஒரு படம் சட்டத்தையே மாற்ற உதவிய வரலாறும் உண்டு. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் விஞ்ஞானிகள் ஒரு சிறிய ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரசையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சையாகியது. மறு பக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளுக்கு அது வலுவூட்டியது.

கடலுக்கு உண்டு, ஆற்றுக்கு?

நம் நாட்டுக்கு இந்தக் கலை புதியதா? நிச்சயமாக இல்லை. 1988-இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளை அனுப்பிய நாள் முதல் பூமியை மேலிருந்து பார்ப்பதில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. கடலின் நிறத்தைப் பார்ப்பதற்கென்றே 1999-இல் ஓஷன்சாட்-1 அனுப்பப்பட்டது; 2022-இல் அதன் மூன்றாம் தலைமுறையும் சென்றது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடலில் பச்சையம் எங்கே மிகுந்திருக்கிறது, வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதைச் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, மீன் எங்கே கிடைக்கலாம் என்று மீனவர்களுக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் தமிழிலேயே வருகிறது. மீன்பிடித் துறைமுகங்களில் பலகையில் தெரிகிறது, கைபேசிக்கும் வருகிறது.

கவனியுங்கள். கடலில் அதே பச்சை நிறத்தைப் பார்த்து, அதை ஒரு கட்டுமரக்காரருக்குப் பயன்படும் செய்தியாக மாற்றி, அவர் கைக்குக் கொண்டு சேர்க்க நம்மால் முடிந்திருக்கிறது. அப்படியானால் பண்ணவாடிப் பரிசல் துறையிலும், ஜேடர்பாளையம் படித்துறையிலும் ஒரு பலகை வைக்க முடியாதா? முடியாததற்குத் தொழில்நுட்பம் காரணம் அன்று. நன்னீர் என்பது பல துறைகளுக்கு இடையே சிதறிக் கிடக்கிறது. அணை ஒரு துறை, குடிநீர் ஒரு துறை, மாசு ஒரு துறை, மீன் ஒரு துறை, நலவாழ்வு ஒரு துறை. படத்தைப் பார்ப்பவர் ஒருவர்; சொல்ல வேண்டியவர் வேறொருவர். இடையில் செய்தி நின்றுவிடுகிறது.

படம் யாரைக் குற்றம் சாட்டுகிறது?

இங்கே இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலிருந்து எடுக்கும் படத்தில் அணைக்குள் பயிர் செய்த வயல் தெளிவாகத் தெரியும். அதன் அருகே பச்சையும் தெரியும். உடனே, அந்த விவசாயிதான் குற்றவாளி என்று விரல் நீட்டுவது எளிது. நகரத்தின் சாக்கடைக் குழாய் எங்கே ஆற்றில் இறங்குகிறது என்பது அந்தப் படத்தில் தெரியாது. நம் வீட்டுச் சலவைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் தெரியாது. கோழிப்பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் வாழும் நாம், கோழி எருவில் பாஸ்பரஸ் நிறைந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நிலத்துக்கு வேண்டிய அளவில் இட்டால் அது வளம். மிஞ்சியது மழையில் கரைந்து ஓடினால் பாசிக்கு விருந்து.

ஆகவே செயற்கைக்கோள் படம் ஏழையைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாக மட்டும் ஆகிவிடக் கூடாது. அணை வண்டலில் ஒரு போகம் பயிர் செய்து பிழைப்பவரைத் துரத்துவதற்கு முன், ஊர் ஊராக ஆற்றில் இறங்கும் கழிவுநீருக்கு என்ன செய்தோம் என்று கேட்க வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பாதுகாப்பான குடிநீரை அடிப்படை மனித உரிமை என்கிறது. ஆறுகளிலும் ஏரிகளிலும் சேரும் சலவைப் பொருள்களையும் வேதிப்பொருள்களையும் பற்றியும் பேசுகிறது. அந்தச் சலவைப் பொருள் நம் வீட்டுக் குளியலறையிலிருந்தும் போகிறது என்பதை ஒப்புக்கொள்வதில்தான் நமது பங்கு தொடங்குகிறது.

காவலாளியின் கடமை

எசேக்கியேல் நூலின் 33-ஆம் அதிகாரத்தில் வரும் காவலாளியை நாம் அறிவோம். வாள் வருவதைக் கண்டும் அவன் எக்காளம் ஊதாதிருந்தால், அழிந்தவரின் இரத்தப்பழி அவன்மேல் வரும். கூர்ந்த கண் இருந்ததா என்று அவனிடம் கேட்கப்படவில்லை. கண்டதைச் சொன்னாயா என்றே கேட்கப்படுகிறது. இன்று கண் மிகக் கூர்மையாக இருக்கிறது. எக்காளம்தான் இல்லை.

அந்த எக்காளத்துக்குப் பெரும் செலவு ஆகாது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் படத்தை வாரம் ஒருமுறை பார்த்து, பச்சை மிகுந்தால் அந்தக் கரையில் நீரை எடுத்துச் சோதித்து, முடிவைக் குடிநீர் நிலையங்களுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் அனுப்பினால் போதும். வெள்ளச் செய்தி வரும் அதே வழியில் இதுவும் வரலாம். அந்த வழி ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை நம் கண்களே நமக்குக் காவல். தண்ணீர் பச்சைப் பெயிண்ட் போலத் திரண்டு நாற்றம் வீசினால் அதில் குளிக்க வேண்டாம். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் நாய்களையும் இறக்க வேண்டாம். அதைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே பிடித்த மீனாக இருந்தால் குடலையும் ஈரலையும் நீக்கி நல்ல நீரில் கழுவுவது நல்லது. சந்தேகம் இருந்தால், கையுறை அணிந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்த நீரை முக்கால் பங்கு எடுத்து அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே மிதந்து வளையம் கட்டினால் நீலப்பசும்பாசியாக இருக்கக்கூடும். இது நஞ்சு உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை அன்று. அதிகாரிகளிடம் போய்ச் சொல்வதற்குப் போதுமான காரணம். சொல்லும்போது கைபேசியில் எடுத்த படத்தையும், நாளையும், இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த நாளின் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியும்.

2022 முதல் தமிழகத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் தேதியும் கிராம சபை கூடும் நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கரையோர ஊராட்சிகளில் வாழும் நம் அன்பியக் குடும்பங்கள், பிற சமய அண்டை வீட்டாருடன் சேர்ந்து, அன்று ஒரு தீர்மானத்தைக் கேட்டுப் பெறலாம்: வெள்ளம் வரும்போது எங்களிடம் சொல்வதுபோல, தண்ணீர் கெடும்போதும் எங்களிடம் சொல்லுங்கள். அதோடு, எங்கள் ஊர்க் கழிவுநீர் ஆற்றில் இறங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைச் சொல்வதற்குச் சற்றுத் தைரியம் வேண்டும். முதலாவதைக் கேட்க நமக்குள்ள உரிமை அதிலிருந்துதான் வலுப்பெறும்.